நகையை வைக்க வேண்டாம் தம்பி: திறமூல மென்பொருளைச் சோதிக்கத் தரவும் கணினியும்

கேள்வி:

வணக்கம் அக்கா. சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கங்களை டெஸராக்ட் என்ற மென்பொருள் படித்து உரையாக்கிக் கொடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்த, பைத்தானில் ஒரு சின்ன மென்பொருள் எழுதி, நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி திறமூலமாக வெளியிட்டேன். என்னிடம் இருந்த பத்துப் பதினைந்து பக்கங்களில் நன்றாக வேலை செய்தது. வெளியிட்ட பிறகு ஒருவர், "பழைய புத்தகத்தில் சரியாக இருப்பதையும் கெடுக்கிறது, கருப்பூர் என்ற ஊரைக் கற்பூரம் ஆக்கிவிட்டது" என்று எழுதினார். இன்னொருவர் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஓடவே இல்லை என்கிறார். நிறையப் பக்கங்களில் சோதிக்கலாம் என்றால் தரவு எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. என்னுடையது 8 ஜிபி ராம் லேப்டாப். ஆயிரம் பக்கம் போட்டால் விடிய விடிய ஓடுகிறது. அம்மாவின் நகையை வைத்து, கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வாங்கலாமா? நண்பனின் அப்பா லீ பஜாரில் மொத்த வியாபாரம். மூன்று வருட பில்களைத் தருகிறேன் என்கிறான். ஏற்காட்டில் பாட்டி வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய பஞ்சாங்கங்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் பயன்படுத்தலாமா?

பதில்:

தம்பி, நகையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வைக்காதீர்கள். வட்டிக் கணக்கை விடுங்கள், அந்தக் கார்டு உங்கள் வேலையில் ஒரு நொடியைக்கூட மிச்சப்படுத்தாது. டெஸராக்ட் எழுத்தைப் படிக்கும் வேலையைக் கணினியின் மையச் செயலியான சிபியுவில்தான் செய்கிறது. உங்கள் மென்பொருளோ அகராதியில் தேடி, நெருக்கமான சொல்லைக் கண்டுபிடித்து மாற்றுகிறது. அதற்கும் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாது. வாங்கினால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

விடிய விடிய ஓடுகிறது என்கிறீர்களே, அந்த நேரம் எங்கே போகிறது என்று என்றைக்காவது அளந்து பார்த்தீர்களா? ஒரு பக்கத்துக்கு 20 நொடி என்று வைத்தால் ஆயிரம் பக்கத்துக்கு ஐந்தரை மணி நேரம். அதில் உங்கள் திருத்தி எடுத்துக்கொள்வது கொஞ்சமாகத்தான் இருக்கும், மீதி எல்லாம் டெஸராக்ட் படத்தைப் படிக்கும் நேரம். நீங்கள் சோதிக்க வேண்டியது உங்கள் திருத்தியை. டெஸராக்டை ஏன் ஒவ்வொரு முறையும் ஓட்டுகிறீர்கள்? ஒரே ஒரு முறை ஓட்டி, அது கொடுத்த எழுத்தைப் பக்கம் பக்கமாக உரைக் கோப்புகளாகச் சேமித்துவிடுங்கள். இனி நிரலில் ஒரு வரி மாற்றினால் அந்தக் கோப்புகளின் மேல் மட்டும் ஓட்டினால் போதும். இரவு முழுக்க ஓடியது நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

சேமிக்கும்போது கூடவே மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: டெஸராக்டின் பதிப்பு எண், எந்தத் தமிழ் மாதிரி (எழுத்தை அடையாளம் காணப் பயிற்றுவித்த கோப்பு), பக்கத்தைப் பிரிக்கும் முறைக்கு என்ன எண் கொடுத்தீர்கள் என்பது. டெஸராக்ட் எச்பி நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாகி, 2005-ல் திறமூலமானது. 2018-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் நரம்பு வலையமைப்பு முறைக்கு மாறியது. அதனால் மூன்றாம் பதிப்பு செய்யும் பிழையும் ஐந்தாம் பதிப்பு செய்யும் பிழையும் ஒரே ரகமாக இருக்காது. தமிழுக்கு 'ஃபாஸ்ட்', 'பெஸ்ட்' என்று தனித்தனி மாதிரிகளும் உண்டு. எதில் ஓட்டியது என்று குறிக்காமல் விட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் எண்கள் உங்களுக்கே புரியாது.

அந்த ஒரு முறை ஓட்டத்தையும் வேகமாக்கலாம். டெஸராக்ட் ஒரு பக்கத்துக்கு நான்கு திரெட் வரை, அதாவது ஒரே சமயத்தில் ஓடும் நான்கு வேலை இழைகள் வரை, எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒரே நேரத்தில் நான்கு பக்கங்களைக் கொடுத்தால் பதினாறு திரெட்டும் சிபியுவின் நான்கு கோர்களுக்காக அடித்துக்கொள்ளும், எதுவும் நகராது. ஓஎம்பி அண்டர்ஸ்கோர் திரெட் அண்டர்ஸ்கோர் லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டு, லேப்டாப்பில் எத்தனை கோர் உண்டோ அத்தனை பக்கங்களை ஒரே சமயத்தில் ஓட விடுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது.

சரி, தரவுக்கு வருவோம். கருப்பூர் கற்பூரம் ஆன கதையைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது இதுதான்: திருத்தும் மென்பொருளுக்கு முதல் சோதனைத் தரவு, பிழையே இல்லாத எழுத்து. ஸ்கேன் வேண்டாம், படம் வேண்டாம், டெஸராக்டும் வேண்டாம். சரியாக இருக்கும் தமிழ் உரையை எடுத்து உங்கள் திருத்திக்குள் போடுங்கள். போனபடியே வெளியே வர வேண்டும். எங்கெல்லாம் கை வைத்திருக்கிறதோ அதெல்லாம் சந்தேகத்துக்குரிய இடம். இதில் கிடைக்கும் பட்டியல் உங்களைக் கொஞ்சம் வருத்தப்படுத்தும், ஆனால் அடுத்து எதைச் சரிசெய்வது என்று அதுவே சொல்லிவிடும்.

இப்படிப்பட்ட உரைக்குப் பஞ்சமே இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் முழுக் கட்டுரைத் தொகுப்பையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். எவரும் எழுதும் இடம் என்பதால் அதிலும் தட்டச்சுப் பிழைகள் இருக்கும், அதை மனதில் வையுங்கள். தமிழ் நூல்களை மின்னுரையாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை இருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இக்காலத்து எழுத்து, படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தோடு கிடைக்கும். மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுங்கள். செய்யுளில் உங்கள் திருத்தி போடும் ஆட்டத்தைப் பார்த்தால், செய்யுள் பக்கங்களில் அதை அணைத்து வைக்க ஒரு வழி வேண்டும் என்று நீங்களே முடிவுக்கு வருவீர்கள்.

ஊர்ப்பெயருக்குத் தனியாக ஒரு சோதனை வையுங்கள். எவரும் சேர்த்துத் திருத்தும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பல ஊர்களுக்குத் தமிழ்ப் பெயரும் பதிவாகியிருக்கிறது. ஜியோஃபேப்ரிக் தளத்தில் அந்த வரைபடத் தரவின் தென்னிந்தியப் பகுதியை மட்டும் தனியாக இறக்கலாம். சேலம் மாவட்டம் மட்டும் போதும் என்றால் ஓவர்பாஸ் என்ற தேடல் சேவை வழியாகக் கேட்டு வாங்கலாம். கருப்பூர், ஓமலூர், வாழப்பாடி, தாரமங்கலம், இளம்பிள்ளை என்று வரும் பட்டியலை அப்படியே போட்டால் பாதி வேலைதான். கருப்பூரில், கருப்பூருக்கு, கருப்பூரிலிருந்து, கருப்பூரையும் என்று வேற்றுமை உருபுகளைச் சேர்த்துப் பெருக்குங்கள். பிரச்சினை அங்கேதான் ஒளிந்திருக்கும். ஊர்ப்பெயரைத் தெரிந்த அகராதிகூட உருபு சேர்ந்தவுடன் அந்நியச் சொல்லாகப் பார்க்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவின் உரிமம் வேறு, திறந்த தரவுத்தள உரிமம் என்பார்கள். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். தரவுத்தளத்தை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். சோதனைத் தரவுக்கு ஒரு தனி அடைவு, அதற்குள் அதற்கான உரிமக் கோப்பு என்று வைத்துக்கொண்டால் உங்கள் நிரலின் உரிமத்தோடு குழப்பம் வராது.

அடுத்து நீங்கள் உண்மையில் கேட்டது: ஸ்கேன் பக்கமும் அதற்குச் சரியான எழுத்தும் சேர்ந்து எங்கே கிடைக்கும்? தமிழ் விக்கிமூலம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் அங்கே ஸ்கேன் வடிவில் ஏற்றப்பட்டு, ஒவ்வொரு பக்கப் படத்துக்கும் பக்கத்திலேயே அதன் எழுத்து இருக்கும், முதலில் இயந்திரம் படித்துக் கொடுத்ததை ஆட்கள் மெய்ப்புப் பார்த்துத் திருத்துவார்கள். பக்கத்துக்கு நிறம் கொடுத்திருப்பார்கள். சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்புப் பார்க்கவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார், பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார். உங்களுக்குப் பச்சை மட்டும் போதும். சிவப்புப் பக்கங்களை எடுத்தீர்கள் என்றால் ஒரு இயந்திரத்தின் பிழையை விடைத்தாளாக வைத்து இன்னொரு இயந்திரத்துக்கு மதிப்பெண் போடுகிறீர்கள்.

பச்சையிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. அந்த எழுத்தில் தடித்த எழுத்து, நடுவில் வைத்தல் போன்றவற்றுக்கான வார்ப்புரு அடையாளங்கள் கலந்திருக்கும். முதலில் அவற்றை உரிக்க வேண்டும். பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் தனிப் பகுதியில் இருக்கும். ஆனால் டெஸராக்ட் அவற்றையும் சேர்த்துப் படித்திருக்கும். அச்சில் வரி முடிவில் உடைந்த சொல்லை மெய்ப்புப் பார்த்தவர் சேர்த்து எழுதியிருப்பார், டெஸராக்ட் உடைந்தபடியே கொடுக்கும். இதையெல்லாம் ஒரே நிலைக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் உங்கள் மென்பொருள் செய்யாத குற்றத்துக்கெல்லாம் அதன் தலையில் பழி விழும். நானாக இருந்தால் முதல் வாரம் முழுக்க இந்த உரிக்கும் வேலைக்கே ஒதுக்குவேன். சலிப்பான வேலை, ஆனால் மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

எத்தனை பக்கம் வேண்டும்? ஆயிரம் வேண்டாம். ஒரே புத்தகத்தின் 300 பக்கத்தைவிட, 30 புத்தகத்திலிருந்து பத்துப் பத்துப் பக்கம் எடுப்பது எவ்வளவோ மேல். ஒரு புத்தகத்துக்கு ஒரே எழுத்துரு, ஒரே காகிதம், ஒரே ஸ்கேனர். பிழையும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும், புதிதாக எதையும் சொல்லாது. பொறுக்கும்போது பாதிக்குப் பாதியாவது 1978-க்கு முந்தைய அச்சாக இருக்கட்டும். அந்த ஆண்டு வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன் ணை, லை, ளை, னை எல்லாம் முன்னால் தனிக் குறி இல்லாமல், எழுத்தோடு ஒட்டிய சுழியோடு அச்சாகும். ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து வளைந்திருக்கும். ஆணை வந்த மறுநாளே அச்சகங்கள் ஈய எழுத்தை மாற்றிவிடவில்லை, எண்பதுகளின் நூல்களிலும் பழைய வடிவம் தென்படும். "பழைய புத்தகத்தில் கெடுக்கிறது" என்று உங்களுக்கு எழுதியவர் பெரும்பாலும் இந்தப் பக்கங்களைத்தான் போட்டிருப்பார். டெஸராக்ட் அந்த ஒட்டெழுத்தை வேறு ஏதோவாகப் படித்துக் கொடுக்க, உங்கள் அகராதி அதற்கு நெருக்கமான இன்னொரு சொல்லைத் தேடி ஒட்ட வைக்கிறது.

இரட்டைப் பத்திப் பக்கம், அட்டவணை, செய்யுளும் உரையும் மாறி மாறி வரும் பக்கம், கறை படிந்தது, கோணலாக ஸ்கேன் ஆனது என்று வகைக்குக் கொஞ்சம் சேருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இது எந்த வகை என்று ஒரு குறிப்பும் வேண்டும். மொத்தச் சராசரி ஒன்றை மட்டும் பார்த்தால் எந்த வகையில் சறுக்குகிறது என்பது அதற்குள் மறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் அகராதியையோ விதிகளையோ எந்தப் புத்தகத்தை வைத்து உருவாக்கினீர்களோ அதிலேயே சோதிக்கக் கூடாது. பக்கத்தைப் பிரித்து, இது உருவாக்க, அது சோதிக்க என்று வைத்தாலும் போதாது. பிரிப்பதைப் புத்தகமாகப் பிரியுங்கள். ஒரே நாவலின் பாத்திரப் பெயர்கள் இரு பக்கமும் வந்தால் உங்கள் மதிப்பெண் பொய்யாக ஏறும்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. 300 பக்கம் ஓட்டி ஒரு முறைகூட மென்பொருள் நொறுங்கவில்லை என்றால் இனி நொறுங்கவே நொறுங்காது என்று அர்த்தமில்லை. 3-ஐ 300-ஆல் வகுங்கள்: நூற்றுக்கு ஒரு பக்கம் வரை நொறுங்கலாம் என்பதை அந்தச் சோதனையால் மறுக்க முடியாது. புள்ளியியலில் இதை மூன்றின் விதி என்பார்கள். சோதனை முடிவை எழுதும்போது இந்த அளவுக்கு அடக்கம் இருந்தால் படிப்பவர் நம்புவார்.

அளப்பதில் தமிழுக்கென்று ஒரு கண்ணி உண்டு. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்கு அடுத்து ஒகரக் குறி ஒன்றையே போடலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், கணினி வேறு வேறு என்று சொல்லும். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் இயல்பாக்கினால், அதாவது ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால், இது தீரும். தீராதவையும் உண்டு. ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒ-வும் ள-வும் தட்டியிருப்பார்கள். ஸ்ரீ-யின் முதல் எழுத்தாகச் சிலர் ஸ போடுவார்கள், சிலர் 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ போடுவார்கள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்கு நீங்களே விதி எழுத வேண்டும். கூடவே, பிழையை எண்ணும்போது குறியீட்டு எண்ணை வைத்து எண்ணாமல் தமிழ் எழுத்தாக எண்ணுங்கள். 'கொ' ஒரு எழுத்து, அதில் தவறினால் ஒரு பிழை.

அப்புறம், எழுத்துப் பிழை வீதம் என்ற ஒரே எண்ணை அறிவித்துவிட்டு நிற்காதீர்கள். திருத்தும் மென்பொருளுக்கு முக்கியமானவை இரண்டு எண்கள்: தவறாக இருந்ததில் எத்தனை சொல்லைச் சரியாக்கியது, சரியாக இருந்ததில் எத்தனை சொல்லைக் கெடுத்தது. முதலாவது ஐம்பது, இரண்டாவது நாற்பது என்றால் மொத்தத்தில் பத்துச் சொல் லாபம்தான். ஆனால் அந்த நாற்பதைக் கண்டுபிடிக்கப் பயனர் பக்கம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். அதற்கு உங்கள் மென்பொருள் இல்லாமலே இருந்திருக்கலாம் என்பார். என்னைக் கேட்டால், கெடுப்பதைக் குறைக்கத் திருத்துவதில் பாதியை விட்டுக்கொடுத்தாலும் தப்பில்லை.

லீ பஜார் பில்களுக்கு வருகிறேன். வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் எங்கும் ஏற்றாதீர்கள். ஒரு மொத்த வியாபாரியின் பில்லில் வாங்கியவர் பெயர், கைபேசி எண், ஜிஎஸ்டி எண், எந்தச் சரக்கை யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார் என்பது எல்லாம் இருக்கும். நண்பன் தருகிறேன் என்பது போதாது, அந்தத் தகவல் அவனுடையதே அல்ல. அவன் அப்பா சரி என்றாலும் பில்லில் பெயர் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களைக் கேட்கவில்லையே. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு நாட்டில் 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், ஜவ்வரிசியும் வெல்லமும் போகிற அந்தத் தெருவில் பக்கத்துக் கடைக்காரர் விலையைப் பார்த்துவிட்டார் என்றால் உங்கள் நண்பனின் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் ஒரு முறை ஏற்றிவிட்டால் அப்புறம் நீக்கினாலும் வரலாற்றில் கிடக்கும். யாராவது நகலெடுத்திருந்தால் அது அவரிடமும் இருக்கும்.

பெயரை மட்டும் கறுப்பால் மறைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பிடிஎஃப் கோப்பில் கறுப்புப் பெட்டி வரைந்தால் பல நேரம் எழுத்து அடியில் அப்படியே இருக்கும். படமாக்கி மறைத்தாலும் அந்தக் கட்டங்கள் டெஸராக்டின் பத்தி பிரிக்கும் கணக்கைக் கெடுக்கும். அது உண்மையான பில்லைப் போல நடந்துகொள்ளாது. இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதற்கான வசதியும் உங்கள் கையிலேயே இருக்கிறது, டிடிபி கடையில்தானே வேலை? அந்த பில்லின் அமைப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பனைப் பெயர், கற்பனை எண், கற்பனை விலை போட்டு இருபது முப்பது பில் தயாரியுங்கள். சாதாரண அச்சுப்பொறியிலும், கிடைத்தால் டாட் மேட்ரிக்ஸிலும் அடியுங்கள். சிலவற்றை மடித்து, கசக்கி, டீ படவிட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் கைபேசியில் படமெடுங்கள். சரியான விடை உங்களிடம் ஏற்கெனவே தட்டச்சாக இருக்கிறது, மெய்ப்பும் பார்க்க வேண்டாம். உரிமமும் உங்களுடையது. ஒரு மத்தியான வேலை.

இதே வழியில் ஆயிரக்கணக்கான பக்கங்களைச் செயற்கையாகவும் உருவாக்கலாம். டெஸராக்டோடு வரும் டெக்ஸ்ட்டூஇமேஜ் கருவி, கொடுத்த எழுத்துருவில் உரையைப் படமாக்கித் தரும். நோட்டோ, லோகித், மீரா இனிமை, காட்டமரன் போன்ற திறந்த தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. புதிய பதிப்பில் எதுவும் உடையவில்லையா என்று பார்க்க இவை போதும். "துல்லியம் இவ்வளவு" என்று அறிவிக்க மட்டும் இந்தப் பக்கங்களைப் பயன்படுத்தாதீர்கள். சுத்தமான எழுத்துருவில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் படிக்கும்.

கணினி வசதிக்கு முதலில், கிட்ஹப் தளம் தன் இயந்திரங்களில் சோதனைகளை ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸைப் பாருங்கள். உங்கள் களஞ்சியம் பொதுவில் இருப்பதால் அவர்களுடைய சாதாரண ரக இயந்திரங்கள் இலவசம். லினக்ஸ் இயந்திரம் 4 கோர், 16 ஜிபி ராம். ஒரு வேலை ஆறு மணி நேரம் வரை ஓடலாம். உங்கள் லேப்டாப்பைவிட இரண்டு மடங்கு நினைவகம். புத்தகத்துக்கு ஒரு வேலை என்று பிரித்துவிட்டால் பல புத்தகங்கள் ஒரே நேரத்தில் ஓடும். இந்த அளவுகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆரம்பிக்கும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சோதனையை இரண்டு அடுக்காக வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முப்பது பக்கமும் ஊர்ப்பெயர்ப் பட்டியலும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஓடி முடியட்டும். முழு முந்நூறு பக்கமும் வாரம் ஒரு முறையோ வெளியீட்டுக்கு முன்போ போதும். சும்மா கிடைக்கிறதே என்று ஒவ்வொரு காற்புள்ளி திருத்தத்துக்கும் முழுச் சோதனையை ஓட்டுபவர்களால்தான் இப்படிப்பட்ட சலுகைகள் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன.

படங்களைக் களஞ்சியத்துக்குள் போடாதீர்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. அதற்குள் இருந்தாலும் ஒவ்வொருவரும் நகலெடுக்கும்போது ஸ்கேன் எல்லாம் சேர்ந்து இறங்கும். படத்தின் முகவரியையும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையையும் மட்டும் ஒரு பட்டியலாக வைத்து, தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளும் சிறு நிரல் எழுதுங்கள். விக்கிமூலத்திலிருந்து இறக்கும்போது ஒன்றன் பின் ஒன்றாக, நீங்கள் யார் என்று நிரலின் அடையாள வரியில் சொல்லி இறக்குங்கள். அது அவர்கள் கேட்டுக்கொள்ளும் மரியாதை. தொகுப்பு ஒரு நிலைக்கு வந்ததும் ஸெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துவது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம், மேற்கோள் காட்ட நிலையான டிஓஐ எண்ணும் கிடைக்கும். உங்கள் மென்பொருளைவிட இந்த முந்நூறு பக்கத் தொகுப்பு அதிகம் பேருக்குப் பயன்பட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ராஸ்பெரி பை விவகாரத்தில் முதலில் அவரிடம் திரும்பக் கேளுங்கள்: 32 பிட்டா 64 பிட்டா, நினைவகம் எவ்வளவு, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன? பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். நீங்கள் பயன்படுத்தும் ஏதோ ஒரு பைத்தான் தொகுப்பு, ராஸ்பெரி பையில் இருக்கும் ஆர்ம் வகைச் சிபியுவுக்குத் தயார் நிலையில் இல்லை, அல்லது உங்கள் அகராதி 1 ஜிபி நினைவகத்துக்குள் அடங்கவில்லை. 64 பிட் என்றால் கிட்ஹப்பிலேயே ஆர்ம் இயந்திரங்கள் பொதுக் களஞ்சியங்களுக்குக் கிடைக்கின்றன. 32 பிட் என்றால் வேறு வகைக் கணினியைப் போல நடிக்கும் க்யூஎமு மென்பொருள் வழியாகப் போலியாக ஓட்டலாம், மெதுவாக இருக்கும், ஆனால் பிழை தெரிந்துவிடும். கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கென்றே ஜிசிசி கம்பைல் ஃபார்ம் என்று ஒன்று உண்டு. ஆர்ம், பவர், ரிஸ்க்-ஃபைவ் என்று பல வகை இயந்திரங்களில் கணக்குக் கொடுப்பார்கள். என்ன திட்டம், எதற்கு என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்காது.

பெரிய இயந்திரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பக்கத்தில் திருச்சி என்ஐடியிலேயே பரம் பொருள் என்ற மீத்திறன் கணினி 2022-லிருந்து இருக்கிறது, 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். உங்கள் முந்நூறு பக்கத்துக்கு அது வேண்டாம். நாளைக்குத் தமிழ் எழுத்துக்கு நீங்களே ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்க இறங்கினால் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும். அப்போதும் முதலில் காகிள் என்ற இணையதளத்தில் வாரம் 30 மணி நேரம் வரை கிராபிக்ஸ் கார்டு இலவசமாகக் கிடைப்பதைத் தீர்த்துவிட்டு, அது போதாமல் போனால் மத்திய அரசின் இந்தியாஏஐ திட்டத்தின் மானிய விலைக் கணினி நேரத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் எதையும் வாங்க வேண்டாம்.

நீங்கள் படித்த கல்லூரியையும் மறக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்குப் பூட்டும் ஆய்வகத்தில் முப்பது கணினிகள் சும்மா கிடக்கும். துறைத் தலைவரிடம் வாயால் கேட்டால் பார்க்கலாம் என்பார். ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள்: என்ன மென்பொருள், எத்தனை கணினி, எந்த இரண்டு சனிக்கிழமை, இணையம் தேவையா இல்லையா, வேலை முடிந்ததும் எதையெல்லாம் அழித்துவிட்டுப் போவீர்கள். பதிலுக்கு இறுதியாண்டு மாணவர்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையை ஒரு செய்முறைத் திட்டமாகத் தருகிறேன் என்று சேர்த்தால் கையெழுத்து சீக்கிரம் விழும்.

கடைசியாகப் பாட்டி வீட்டுப் பஞ்சாங்கம். கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். தமிழ் அச்சில் அதைவிடக் கடினமான பக்கத்தைத் தேடினாலும் கிடைக்காது. நெருக்கமான கட்டங்கள், சுருக்கெழுத்தாகத் திதியும் நட்சத்திரமும், தமிழ் எண்கள், நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. இந்தக் குறிகளுக்கு யூனிகோடில் 2003-லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். பழைய பின்னக் குறிகள் 2019-ல்தான் சேர்ந்தன. அதனால் பல எழுத்துருக்களில் பின்னம் வெறும் கட்டமாகத் தெரியும், பயப்படாதீர்கள். ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் உங்கள் திருத்தியை என்ன பாடு படுத்துகின்றன என்று பார்ப்பதற்கே ஒரு பத்துப் பக்கம் போதும்.

எடுக்கும் முன் ஆண்டைப் பாருங்கள். ஆசிரியர் பெயர் போட்டிருந்தால் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். 1960-ல் இறந்திருந்தால் 2021 ஜனவரி 1 முதல் யாரும் பயன்படுத்தலாம். பெயர் இல்லாத வெளியீடு என்றால் அறுபது ஆண்டுகளை வெளியான ஆண்டிலிருந்து எண்ணுவார்கள். ஆகவே பெட்டியில் இருப்பதிலேயே பழையதை முதலில் எடுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் இருந்த காகிதம் தொட்டாலே உதிரலாம். மழைக்காலத்தில் பெட்டியைத் திறக்க வேண்டாம், மாசி பங்குனியில் போங்கள். கடையின் ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடைந்துவிடும். விரித்து வைத்து, மேலிருந்து கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தாலே போதும், ஃபிளாஷ் வேண்டாம். பூஞ்சைக் கறையைப் படத்தில் சுத்தம் செய்யாமல் அப்படியே வையுங்கள். கறை படிந்த பக்கங்கள் உங்கள் தொகுப்பில் எப்படியும் குறைவாகத்தான் இருக்கும். சரியான விடையைத் தட்டச்சு செய்யப் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருக்கெழுத்து அவருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்.